எக்ஸ்டர்னல் டிரைவில் ஃபைல் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு பஞ்சிங் செய்து கொடுப்பது என் தொழில். போலோ டி-ஷர்ட்டில் நெஞ்சுப் பக்கம் வரும் லோகோ, குழந்தைகள் உடுப்பில் வரும் பூ, பொம்மை எல்லாம் முதலில் என் கம்ப்யூட்டரில் தையலாக மாறி, டிஎஸ்டி ஃபைலாகத்தான் மெஷினுக்குப் போகும். ஒரு நாள் காலை யூனிட்டிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். "அண்ணா, போன மாசம் ஓடுன அதே டிசைனுங்க. மூணாவது எழுத்துக்கு மேல எல்லாம் தள்ளித் தள்ளிப் போகுதுங்க."

நேரில் போய் சேம்பிள் துணியின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மூன்றாவது எழுத்தின் பாதியிலிருந்து மீதி முழுவதும் வலப்பக்கமாக 8 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. வேறு டிசைனைப் போட்டால் மெஷின் ஒழுங்காக ஓடியது. ஃபைலின் அளவும் தேதியும்கூட மாறவில்லை. உள்ளே இருந்தது மட்டும் மாறியிருந்தது.

அந்த ஃபைல் என் 1 டிபி எக்ஸ்டர்னல் டிரைவிலிருந்து போனது. டிரைவ் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினேன். இரண்டே வாரத்தில் புதியதிலும் அதே கதை. கேபிளை மாற்றினேன், ஃபார்மட் செய்தேன், மறுபடியும் கெட்டது. காரணம் டிரைவிலேயே இல்லை என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. சரியான வரிசையில் தேடியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரை மனதில் வைத்து எழுதினாலும், தேடும் முறை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றுதான்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கெட்டது தெரிந்த நிமிடத்திலிருந்து அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். செருகியதும் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்றோ "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா?" என்றோ கேட்கும். இரண்டுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள். சரிசெய்யும் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் டிரைவில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்குபடுத்தும். ஆனால் அதற்காக உங்கள் ஃபைல்களை வெட்டியும் ஒட்டியும், பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் போட்டும் வைத்துவிடும். அப்படி ஆன பிறகு மீட்பது இன்னும் கடினம்.

டிரைவிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது உள்ளே தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட் தடுமாறும் சத்தம். ஓட ஓடச் சேதம் கூடும். உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

சத்தம் இல்லையென்றால், திரும்பச் செய்யவே முடியாதவற்றை முதலில் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது பஞ்சிங் ஃபைல்கள். ஸ்டூடியோக்காரருக்கு எடிட் செய்யாத கல்யாண வீடியோ. முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பி எடுங்கள். ஏன் என்பது கீழே புரியும். காப்பி நடுவில் நின்று நின்று எரர் வந்தால், டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவி டிரைவ் முழுவதையும் அப்படியே ஒரு நகலாக எடுத்துத் தரும். நல்ல பகுதிகளை முதல் சுற்றில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

இந்த ஒரு படியைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. ஃபைல் கெட்டிருக்கும் விதத்திலேயே யார் கெடுத்தது என்பதற்குப் பாதி விடை இருக்கிறது.

கெட்ட ஃபைலுக்கு நல்ல பிரதி ஒன்று எங்காவது இருக்கும். பழைய பென் டிரைவ், யாருக்கோ அனுப்பிய மெயில் எங்காவது தேடுங்கள். ஹெச்எக்ஸ்டி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு ஃபைலையும் அதில் திறந்து ஒப்பிடச் சொன்னால், எந்த பைட் மாறியிருக்கிறது என்று காட்டும்.

என் லோகோ ஃபைலில் மாறியிருந்தது ஒரே ஒரு பைட். அதிலும் ஒரே ஒரு பிட். (பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்.) டிஎஸ்டி ஃபைலில் முதல் 512 பைட் ஹெடர், அதாவது டிசைனைப் பற்றிய முகப்புக் குறிப்பு. அதன் பிறகு ஒரு தையலுக்கு மூன்று பைட். ஊசி எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. முந்தைய தையலிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்றுதான் இருக்கும். அந்த நகர்வும் 0.1, 0.3, 0.9, 2.7, 8.1 மில்லிமீட்டர் என்ற ஐந்து அளவுகளைக் கூட்டியும் கழித்தும் வருவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிட். 8.1-க்கான பிட் ஒன்று தவறாக விழுந்தால், அந்தத் தையலில் தொடங்கி மீதி டிசைன் முழுவதும் 8.1 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். துணியின் மேல் ஸ்கேலில் நான் பார்த்தது அதைத்தான்.

ஒரு பிட் மட்டும் மாறி, எந்த எரரும் வராமல் ஃபைல் கெடுகிறது என்றால் டிரைவைச் சந்தேகிக்காதீர்கள். டிரைவ் தகவலைச் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு செக்டருக்கும் பிழைதிருத்தும் குறியீடு சேர்த்துத்தான் எழுதுகிறது. உள்ளே தகவல் பதியும் தட்டில் ஒரு பிட் மாறினால் அதுவே திருத்திக்கொள்ளும். முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று சொல்லும். தப்பான விவரத்தைச் சத்தமில்லாமல் கொடுப்பது அபூர்வம். யுஎஸ்பி கேபிளில் போகும் தகவலுக்கும் சரிபார்ப்பு உண்டு. கேபிள் மோசமானால் வேகம் குறையும், டிரைவ் விட்டு விட்டுப் போகும், எரர் வரும். தனி பிட் மாறுவது என்றால் முதல் சந்தேகம் கம்ப்யூட்டர் தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேம் மீதுதான். அடுத்தது டிரைவ் பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி சர்க்யூட் போர்டு.

மாறியது ஒரு பிட் இல்லாமல் ஒரு பெரிய துண்டே பூஜ்ஜியமாக இருந்தால், எழுதி முடிப்பதற்குள் டிரைவைப் பிடுங்கியிருக்கிறீர்கள், இல்லை கரண்ட் போயிருக்கிறது. ஒரு ஃபைலுக்குள் வேறொரு ஃபைலின் உள்ளடக்கம் இருந்தால் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கிறது, அல்லது டிரைவின் கொள்ளளவே பொய். "டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று வந்து காப்பி நின்றால் அது பெரும்பாலும் டிரைவின் தட்டு.

ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தாலோ, எல்லாப் பெயரின் கடைசியிலும் தெரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தாலோ அது வைரஸ் வேலை. பிரிண்ட் எடுக்கும் கடை, யூனிட் என்று பல கம்ப்யூட்டர்களில் செருகும் டிரைவுக்கு இது சகஜம். அதற்கு வழி வேறு.

டிரைவிடமே கேளுங்கள்

ஒவ்வொரு டிரைவும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் தெரியும். நீலமா மஞ்சளா என்று நிறத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். நான்கு வரிகளைப் பாருங்கள்.

05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6, சோதனையிலும் மீட்க முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்ஜியமாக இருப்பது நல்லது. 05-ல் சிறு எண் ஒன்று மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் ஏறினால், அல்லது சி5 ஏறிக்கொண்டே போனால், அந்த டிரைவை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரண்டி இருந்தால் இப்போதே கொடுத்து மாற்றுங்கள்.

நான்காவது சி7. இது கூடினால் கேபிள் கோளாறு என்று சொல்வார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவுக்கு அது சரி. எக்ஸ்டர்னல் டிரைவில் சி7 எண்ணுவது பெட்டிக்குள் இருக்கும் போர்டுக்கும் டிரைவுக்கும் நடுவே நடக்கும் பிழைகளை. வெளியே நீங்கள் செருகும் யுஎஸ்பி கேபிளைப் பற்றி அதற்குத் தெரியாது. நான் இதைத் தெரியாமல், சி7 பூஜ்ஜியம்தானே, கேபிள் நல்லது என்று நம்பினேன். அது தப்பு.

என் இரண்டு டிரைவிலும் நான்கு வரியும் பூஜ்ஜியம். அன்றே புரிந்திருக்க வேண்டும்.

கேபிள், போர்ட், கரண்ட்

சோமனூர் பக்கம் தறி வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் வந்தார். கணக்கு ஃபைல்கள் இருக்கும் டிரைவ் வாரத்துக்கு இரண்டு முறை "ஃபார்மட் செய்" என்று கேட்கிறதாம். "ஏனுங்கண்ணா, டிரைவை மாத்தினா சரியாயிருமுங்களா?" என்றார். "மாத்தாதீங்க தம்பி. எந்த நேரத்துல போகுதுன்னு முதல்ல பாருங்க" என்றேன்.

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போனால் எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். டிஸ்க் என்ற பெயரில் வரும் 7 கெட்ட பிளாக். 153 என்றால் எழுதவோ படிக்கவோ முடியாமல் மறுபடி முயன்றது. 157 என்றால் சொல்லாமல் கொள்ளாமல் டிரைவ் காணாமல் போனது. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பெயரில் வரும் 55, ஃபைல் சிஸ்டம் சேதம். அவர் கம்ப்யூட்டரில் 157 வரிசையாக இருந்தது. நேரத்தைத் தாளில் எழுதினோம். எல்லாம் ஷிப்ட் மாறும் நேரம். நின்ற தறிகளை ஒன்றாக ஓட்டும்போது அந்தக் கட்டடத்தில் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கியது. கம்ப்யூட்டர் தாங்கியது, டிரைவின் பழைய அடாப்டர் தாங்கவில்லை. அதே வோல்ட், அதே ஆம்பியரில் நல்ல அடாப்டர் வாங்கி, டிரைவையும் யு.பி.எஸ்ஸில் சேர்த்தார். அதோடு நின்றது.

அடாப்டர் இல்லாத சின்ன டிரைவுகளுக்கு யுஎஸ்பி போர்ட்டிலிருந்துதான் மொத்தக் கரண்டும். யுஎஸ்பி 2.0 கொடுக்க வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 கொடுக்க வேண்டியது 900. சுழலத் தொடங்கும்போது டிரைவ் இதைவிட அதிகம்கூடக் கேட்கும். அதனால்:

கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில் செருகாதீர்கள். அங்கே வருவது மெல்லிய ஒயரில் சுற்றி வரும் கரண்ட். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் கேபிளும் வேண்டாம். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

டிரைவ் பக்கம் அகலமாகத் தட்டையாக இருக்கும் அந்த முனையையும் பாருங்கள். செருகியபடியே விரலால் லேசாக அசைத்தால் டிரைவின் விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்போதும் மினுக்கினால் பெட்டிக்குள் இருக்கும் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. நம் ஊரில் பனியன் பஞ்சு எல்லா இடத்திலும் படியும். சாக்கெட்டுக்குள் உற்றுப் பார்த்து, கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள்.

பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று உண்டு. சோதனை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

கைரேகை வைத்துச் சோதியுங்கள்

இதுவரை எல்லாம் ஊகம். நிரூபிக்கும் சோதனை இதுதான், இதில்தான் பொறுமை வேண்டும்.

ஒரு ஃபைலைக் கணக்கில் போட்டு ஒரு நீண்ட எண்ணாகச் சுருக்கினால் அதை ஹேஷ் என்பார்கள். ஷா-256 என்பது அதில் ஒரு வகை. ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். செவன்-ஜிப் என்ற மென்பொருள் போட்டிருந்தால் ஃபைல் அல்லது ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, சி.ஆர்.சி-ஷா என்ற பட்டியலில் எடுக்கலாம். புதிய பதிப்புகளில் ஃபோல்டர் முழுவதற்கும் ஹேஷ் பட்டியலை ஒரு ஃபைலாக எழுதி, பிறகு அதை வைத்தே சோதிக்கவும் முடியும்.

கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் 20 ஜிபி அளவுக்கு ஒரு ஃபோல்டர் தயார் செய்யுங்கள். குறைந்தது ரேமைவிடப் பெரியதாக இருக்கட்டும். அதன் ஹேஷை இரண்டு முறை எடுங்கள். கவனியுங்கள், டிரைவுக்குக் காப்பி செய்வதற்கு முன்பே இரண்டு முறை. இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் உங்கள் எக்ஸ்டர்னல் டிரைவ் நிரபராதி. கோளாறு கம்ப்யூட்டருக்குள்.

ஒன்றாக வந்தால் டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் எஜெக்ட் கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகி, அப்புறம் டிரைவில் இருக்கும் பிரதியின் ஹேஷை எடுங்கள். கழற்றாமல் எடுத்தால் விண்டோஸ் டிரைவைப் படிக்காமல், ரேமில் மிச்சமிருப்பதையே படித்து எல்லாம் சரி என்று சொல்லிவிடக்கூடும். இந்தக் கழற்றும் படியை விட்டால் சோதனை வீண்.

ஹேஷ் மாறியிருந்தால் ஒரே ஒரு பொருளை மாற்றி, திரும்பச் செய்யுங்கள். கேபிளை மட்டும், பிறகு போர்ட்டை மட்டும், பிறகு கம்ப்யூட்டரை மட்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு அமைப்பிலும் மூன்று முறையாவது ஓட்டுங்கள். சில கோளாறு மூன்றில் ஒரு தடவைதான் தலைகாட்டும். எதை மாற்றினேன், என்ன வந்தது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கம்ப்யூட்டரில் முதல் நாள் இரண்டு ஹேஷும் ஒத்துப்போயின. அடுத்த நாள் மதியம், வெயில் ஏறிய பிறகு, 20 ஜிபி-யில் ஒரு வீடியோவின் ஹேஷ் மட்டும் மாறி வந்தது. டிரைவ் அப்போது செருகப்படவே இல்லை.

ரேம்

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம். பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுவதும் விடுங்கள். ரேமுக்கு ஒரு எரர்கூட வரக்கூடாது. "ஒன்றுதானே" என்று விடுவதற்கு இங்கே இடமில்லை.

வந்தால் உடனே ரேமைத் தூக்கிப்போட வேண்டாம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் திரையில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இருந்தால் அணைத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். அப்புறம் ரேம் குச்சிகளைக் கழற்றி, தங்க நிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொரு குச்சியாகத் தனியே வைத்து ஓட்டினால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

என்னிடம் இரண்டு 8 ஜிபி குச்சிகள். ஒன்று ஆறு மணி நேரம் சுத்தமாக ஓடியது. மற்றது 40 நிமிடத்தில் சிவப்பு வரி போட்டது. காப்பி செய்யும் ஃபைல் எல்லாம் அந்தக் குச்சி வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. பெரும்பாலும் தப்பித்திருக்கும். சிலது அந்தக் கெட்ட இடத்தில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கும். புது டிரைவிலும் கெட்டது அதனால்தான். "வேறு கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள்" என்று மேலே சொன்னதும் அதற்காகத்தான்.

ரேமும் சுத்தம் என்றால்

மிஞ்சியிருப்பது பெட்டியும் கொள்ளளவும். தனியாகப் பெட்டி வாங்கி, பழைய டிஸ்க்கை உள்ளே வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பெட்டிகள் சில 2 டிபி-க்கு மேல் எண்ணத் தெரியாதவை. அதற்குமேல் போனால் டிரைவின் தொடக்கத்தில் திரும்ப எழுதத் தொடங்கும் ஆபத்து உண்டு. மலிவாக வாங்கிய பென் டிரைவிலும் எஸ்எஸ்டி-யிலும் கொள்ளளவு பொய்யாக இருக்கலாம். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவி டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லும். காலி டிரைவில் மட்டும் ஓட்டுங்கள்.

பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் சில பெட்டிகள் தாமாகவே என்கிரிப்ட் செய்யும், சில செக்டர் அளவை மாற்றிக் காட்டும். அவற்றிலிருந்து வெளியே எடுத்தால் டிஸ்க் காலி போலத் தெரியும். பயந்துபோய் ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள், திரும்பப் பெட்டியில் வைத்தால் வந்துவிடும். சில சின்ன டிரைவுகளில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிரித்தும் பயனில்லை.

இப்போதுதான் ஃபார்மட்

காரணம் தெரிந்து, அதைச் சரிசெய்த பிறகுதான் டிரைவைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாம் வெளியே எடுத்தாயிற்று என்றால் விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டுவதைவிடப் புதிதாக ஃபார்மட் செய்வது மேல். "குவிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 1 டிபி-க்குச் சில மணி நேரம் ஆகும். பிறகு சி5-ஐ மறுபடி பாருங்கள்.

விண்டோஸில் மட்டும் பயன்படுத்தினால் என்டிஎஃப்எஸ் போதும். அதற்கு ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் பதிவு) உண்டு, கரண்ட் போனாலும் ஃபோல்டர் அமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும். எக்ஸ்ஃபேட் என்ற மற்றொரு ஃபைல் சிஸ்டத்தில் அது கிடையாது. மேக்கிலும் விண்டோஸிலும் மாற்றி மாற்றிச் செருகுகிறவர்கள் எக்ஸ்ஃபேட் வைத்துத்தான் ஆக வேண்டும், அவர்கள் எஜெக்ட் கொடுக்காமல் ஒருநாளும் கழற்றக் கூடாது. 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து வேகமாகக் கழற்றும் வசதியே இயல்பாக இருக்கிறது. அதற்காகக் காப்பி ஓடும்போது பிடுங்கலாம் என்று பொருள் இல்லை.

ஏற்கெனவே கெட்டவற்றைத் தேடுவது

ரேமை மாற்றிய அன்றைக்கு வேலை முடியவில்லை. எத்தனை ஃபைல் கெட்டிருக்கிறது என்று தெரியாது. பேக்கப் எடுத்ததும் அதே கம்ப்யூட்டரில்தான், நல்ல பிரதியின் மேல் கெட்டது ஏறியிருக்கலாம். ஜிப் ஃபைல்களை செவன்-ஜிப்பில் டெஸ்ட் கொடுத்தால் போதும், உள்ளேயே சரிபார்ப்பு எண் இருக்கும். டிஎஸ்டி-க்கு ஹெடர் கைகொடுத்தது. டிசைனின் நீள அகலம் அதில் எழுதியிருக்கும். திறந்து பார்க்கும்போது வரும் அளவு அதோடு பொருந்தாதவற்றைத் தனியே எடுத்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு அனுப்பிய பழைய மெயில்களில் நல்லபடியாக இருந்தன. ஒன்பதை மட்டும் மறுபடி பஞ்சிங் செய்தேன்.

இப்போது இரண்டு டிரைவ். ஒன்று மேஜையில். மற்றது, போய்விட்டது என்று நான் ஒதுக்கிய அதே பழைய டிரைவ், காங்கேயத்தில் அக்கா வீட்டு பீரோவில். இரண்டிலும் ஹேஷ் பட்டியல் இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே போகும்போது லேப்டாப்பில் செருகி, பழையதை முதலில் சரிபார்த்து, அதன் பிறகே புதியதைச் சேர்க்கிறேன். சரிபார்க்காமல் மேலே எழுதுவதில்லை. போன முறை அக்கா சாப்பாடு எடுத்து வைப்பதற்குள் சோதனை முடிந்தது. எல்லா வரியும் பொருந்தியிருந்தது.